கல் உடைந்தது, ஜுரம் வந்தது

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் வாழைத்தண்டுப் பச்சடி பற்றி எழுதியிருந்தேன். பச்சடி எப்படி வந்தது என்று எழுதியவர்கள் சிலர்தான். "கிட்னியில் கல் இருக்கிறது, வாழைத்தண்டு கரைத்துவிடுமா?" என்று கேட்டு எழுதியவர்கள்தான் அதிகம். அவற்றில் ஒரு இளம் சகோதரியின் கடிதம் என் மனசைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, எனக்கு இடது பக்கம் கல். அதிர்வலை கொடுத்து உடைத்துவிடலாம், கத்தியே படாது, சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் டாக்டர். எனக்கு ஒன்றரை வயசில் பையன் இருக்கிறான். பயப்பட ஒன்றும் இல்லையே?"

பயப்பட வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் என் நாத்தனார் விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவள் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் விருதுநகர் வெயில் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொண்டை வறளக் கத்துவாள், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க மாட்டாள். கேட்டால், "போங்க மதினி, குடிச்சா போகணும். அங்கே கதவு சரியா சாத்தாத ஒரே ஒரு பாத்ரூம்" என்பாள். இப்படித் தண்ணீரை அடக்கி, போக வேண்டியதையும் அடக்கி எத்தனை பெண்கள் கல்லை வளர்த்துக்கொள்கிறோமோ! 2018-ம் வருஷம் சித்திரையில் ஒரு நாள் இடுப்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே பிடித்த வலியில் தரையில் உருண்டு அழுதாள். ஸ்கேனில் இடது பக்கம் 14 மில்லிமீட்டர் கல் என்று வந்தது. நம் வீட்டு கொண்டைக்கடலையை விடப் பெரிசு.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கேதான் முதன்முதலாக இந்த அதிர்வலை வைத்தியம் பற்றி டாக்டர் சொன்னார். 'லித்தோட்ரிப்சி' என்று அதற்குப் பெயர். ஜெர்மனியில் விமானம் செய்கிற டோர்னியர் என்ற கம்பெனிக்காரர்கள், அதிவேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதம் ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்களாம். அந்த அதிர்ச்சி அலை உடம்புக்குள் தசையைக் கடந்து போய்க் கெட்டியான பொருளை உடைக்கும் என்று அதிலிருந்து யோசனை கிளம்பி, 1980-ம் வருஷம் பிப்ரவரியில் மியூனிக் நகரத்தில் முதல் நோயாளிக்குக் கல்லை உடைத்தார்கள். அப்போதெல்லாம் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்துச் செய்தார்களாம். இப்போது மேஜையில் படுக்க வைத்து, முதுகுப் பக்கம் தண்ணீர் நிரம்பிய ஒரு மெத்தை மாதிரி அழுத்தி வைக்கிறார்கள். எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ கல்லைப் பார்த்துக் குறிவைத்து, 'டக், டக்' என்று இரண்டாயிரம் மூவாயிரம் அடி. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாத் தலைக்குக் குளிச்சது என்னிக்கும்மா?" என் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. முதுகில் கல்லை உடைக்க இந்தக் கேள்வி எதற்கு என்று. இவளும் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஒரு தேதியைச் சொன்னாள். அந்த நர்ஸ் கெட்டிக்காரப் பெண், தேதியை நம்பி விடாமல் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். சகோதரிகளே, இதில் வெட்கப்படவே கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது இந்த அதிர்வலையைக் கொடுக்கவே கூடாது. நாள் தள்ளியிருந்தால், ஒரே ஒரு நாள் தள்ளியிருந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கேள்வி மாத்திரைகள் பற்றி. இருதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்கள் இவர்களுக்கெல்லாம் கிட்னியைச் சுற்றி உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் அதிகம். அதனால் அந்த மாத்திரையைச் சில நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் எழுதுகிறேன், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இருதய டாக்டரும் கல் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

ஒரு திங்கட்கிழமை காலையில் செய்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். "யாரோ ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து முதுகில் விடற மாதிரி இருந்துச்சு மதினி" என்றாள் வெளியே வந்து. அந்த இடத்தில் தோல் சிவந்து லேசாகக் கன்றியிருந்தது. சாயங்காலம் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதம் பூராவும் இங்கிலீஷ். இவளுக்கு இங்கிலீஷ் தெரியும்தான், ஆனால் வலி மயக்கத்தில் இருக்கிறவள் எங்கே படிப்பாள்? நான் எஸ்.எஸ்.எல்.சி. கூட்டிப் படித்தால் பாதி புரியும். படித்தேனா? இல்லை. மருந்துச் சீட்டுக்குப் பின்னால் மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

முதல் இரண்டு நாள் சிறுநீர் ரோஜா நிறத்தில் வந்தது. இது சாதாரணம், கல் உடையும்போது உள்ளே கொஞ்சம் சிராய்க்கும், தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும் என்று நர்ஸ் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பழைய டீ வடிகட்டி ஒன்றைப் பாத்ரூமில் மாட்டி, அதில் வடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் ரவை மாதிரி பழுப்பாகத் துணுக்குகள். வீட்டில் ஒரே கொண்டாட்டம். மாமியார் கோயிலுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து சிறுநீரில் சிவப்பு நின்றுவிட்டது. வடிகட்டியிலும் ஒன்றும் இல்லை. தெளிவாகத் தண்ணீர் மாதிரி வந்தது. 'ஆச்சு, எல்லாம் சுத்தமாகிவிட்டது' என்று நினைத்தோம்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வைத்தியம் கல்லை உடைக்கத்தான் செய்யும், வெளியே எடுப்பதில்லை. உடைந்த துணுக்குகள் கிட்னியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கிற ஒல்லியான குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்க வேண்டும். ரவை மாதிரி இருந்தால் இறங்கிவிடும். கொஞ்சம் பெரிய துண்டு ஒன்று குறுக்கே நின்றால், அதன் பின்னால் வருகிற துணுக்கெல்லாம் வரிசையாக அடைந்துகொள்ளும், குறுகிய சந்தில் முன்னால் போன வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிற வண்டியெல்லாம் நிற்குமே அந்த மாதிரி. எக்ஸ்ரேயில் பார்த்தால் கல் பாவிய தெரு போலவே தெரியுமாம். அதனால் ஜெர்மன்காரர்கள் அதற்குக் 'கல் தெரு' என்றே பொருள்படும்படி 'ஸ்டைன்ஸ்ட்ராஸே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வைத்தியம் செய்துகொள்கிற நூறு பேரில் நாலிலிருந்து ஏழு பேருக்கு இப்படி ஆகிறது. கல் பெரிசாக ஆக, இது ஆவதற்கும் வாய்ப்பு அதிகம். நிறையப் பேருக்குத் தானாகவே கலைந்து இறங்கியும் விடுகிறது.

ஆனால் அடைத்த பக்கம் தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டால் கதை வேறு. கல்லுக்குள்ளேயே கிருமி ஒளிந்திருக்கும், உடையும்போது அதுவும் வெளியே வரும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். எங்களைத் தேற்றிய அந்தத் தெளிவான சிறுநீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நல்லா இருக்கிற வலது கிட்னியிலிருந்து! இடது பக்கத்திலிருந்து ஒரு சொட்டுக் கூட இறங்கவில்லை. அதனால்தான் சிவப்பும் இல்லை, ரவையும் இல்லை. நமக்குத்தான் இரண்டு கிட்னி ஆயிற்றே, ஒன்று அடைத்தாலும் இன்னொன்று வேலை செய்துகொண்டே இருக்கும், வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நாலாம் நாள் சாயங்காலம் குளிர் எடுத்தது. மே மாதம், கத்திரி வெயில், ஃபேன் போட்டாலே அனல் வீசுகிற வீட்டில் அவள் இரண்டு போர்வை கேட்டாள். பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். "வெயில்ல போய்ட்டு வந்ததுதான். சூட்டு ஜுரம். சுக்குக் கஷாயம் வச்சுக் குடுத்தா" என்றார்கள் மாமியார். நானும் கஷாயம் வைத்தேன், பாரசிட்டமால் ஒன்று கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி ஜுரம் இறங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி குளிர். மறுபடி மாத்திரை. காலையில் உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று நான் இட்லிக்கு ஊற்றப் போய்விட்டேன். மாத்திரை ஜுரத்தை மறைத்ததே தவிர உள்ளே ஒன்றையும் மாற்றவில்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பத்து மணி இருக்கும். அவள் நாலு வயசு மகள் ஓடி வந்து, "அத்தே, அம்மா என்னை வேற பேரு சொல்லிக் கூப்பிடறா" என்றாள். போய்ப் பார்த்தால் கண் சொருகியிருக்கிறது, பேச்சு குழறுகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது. எதிர் வீட்டில் ரிடையரான நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். அவர்தான் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்ப கல்லை உடைச்சது? எப்ப குளிர் வந்தது?" என்று இரண்டே கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டதும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஏம்மா, நேத்து ராத்திரியே போயிருக்க வேண்டாமா? இப்ப வண்டியைக் கூப்பிடு, சேலை மாத்திக்கிட்டு நிக்காதே."

மதுரை போய்ச் சேர்ந்தபோது பி.பி. எண்பதைத் தொடவில்லை. ஸ்கேனில் இடது கிட்னி வீங்கிக் கிடந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கே மரத்துப்போகிற ஊசி போட்டு, முதுகு வழியாகக் கிட்னிக்குள் ஒரு குழாயை விட்டார்கள். அந்தக் குழாயில் வந்தது சிறுநீர் இல்லை, மோர் மாதிரி சீழ். மாப்பிள்ளை சிவகாசியிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர், வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் யாரிடமும் பேசவில்லை. மூன்று நாள் ஐ.சி.யூ., அப்புறம் வார்டில் ஆறு நாள். பிழைத்துக்கொண்டாள். அந்தக் கிட்னியும் பிழைத்துவிட்டது என்று பின்னால் செய்த பரிசோதனையில் சொன்னார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு அலமாரியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, எதிர் வீட்டு நர்ஸம்மாவை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். அதில் நாலாவது வரி: ஜுரம் 101-க்கு மேல் போனாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும். ஒரே ஒரு வரி. தமிழில் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆஸ்பத்திரி மேலே கோபம் உண்டு. படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று என் மேலே அதை விடக் கோபம்.

இத்தனையும் படித்துவிட்டு, 'அப்படியானால் இந்த வைத்தியமே வேண்டாம்' என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். கிருமி ரத்தத்தில் கலக்கிற நிலைமை நூறு பேரில் ஒருவர், மிஞ்சினால் மூன்று பேருக்கு வருவதுதான். உள்ளே ரத்தம் கட்டி ஆளைப் படுத்துவது நூறில் ஒருவருக்கும் குறைவு. அப்படிக் கட்டினால் முதல் ஓரிரு நாளிலேயே விலாப் பக்கம் தாங்க முடியாத வலி, முகம் வெளுப்பு, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை என்று தெரிந்துவிடும். அதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது, வண்டிதான். ரோஜா நிறம் பரவாயில்லை. கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, போகவே முடியாமல் அடைத்துக்கொண்டாலோ பரவாயில்லை என்று இருக்கக் கூடாது. வாந்தி நிற்காமல் மாத்திரை தங்கவில்லை என்றாலும் போக வேண்டியதுதான்.

டாக்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவையும் உண்டு. என் கல்லுக்கு இது ஏற்றதுதானா என்று கேளுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, கிட்னியின் அடிப்பக்கப் பையில் உட்கார்ந்திருந்தாலோ, கல் மிகவும் கெட்டி ரகமாக இருந்தாலோ அதிர்வலை சரியாக வேலை செய்யாது. ஒரு தடவையில் முடியாமல் இரண்டு மூன்று தடவை ஆகும். அப்படிப்பட்ட கல்லுக்குச் சின்னத் துளை போட்டோ, சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியை விட்டு லேசரில் பொடித்தோ எடுக்கிற முறைகள் இருக்கின்றன. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிற நம் மாதிரிப் பெண்களுக்கு இது ரொம்ப அவசியம். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து, அப்புறம்தான் கல்.

சர்க்கரையும் பி.பி.யும் இந்த வைத்தியத்தால் பின்னால் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. 2006-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி அப்படிச் சந்தேகம் கிளப்பியது. பிறகு வந்த பல ஆராய்ச்சிகளில் அது உறுதிப்படவில்லை. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சகோதரி, பித்தப்பைக் கல்லையும் இப்படியே உடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். 1985-ல் அதே மியூனிக்கில் அதையும் செய்து பார்த்தார்கள். ஆனால் கல்லை உண்டாக்கிய பை அப்படியே உள்ளே இருப்பதால் மறுபடி மறுபடி கல் வந்தது, துணுக்குகள் பித்தக் குழாயை அடைத்துக் கணையத்தைப் புண்ணாக்குகிற ஆபத்தும் இருந்தது. லேப்ராஸ்கோப் முறையில் பையையே எடுக்கிற வழி வந்த பிறகு அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

வாழைத்தண்டு கேட்டவர்களுக்கு: நம் ஊரில் அதிகமாக வருகிற கால்சியம் கல்லை அது கரைக்காது. யூரிக் அமிலக் கல் என்று ஒரு ரகம் மட்டும் டாக்டர் தருகிற மருந்தில் கரையும். தண்டு நல்ல காய், நார்ச்சத்து உண்டு, தாராளமாகப் பச்சடி செய்யுங்கள். அதை நம்பிப் பெரிய கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கல்லுக்குப் பயந்து பாலையும் தயிரையும் நிறுத்துவது இன்னொரு தப்பு. சாப்பாட்டில் வருகிற கால்சியம் கல்லைக் குறைக்கத்தான் உதவுகிறது. குறைக்க வேண்டியது உப்பு. அப்பளமும் ஊறுகாயும் வற்றலும் கருவாடும் யாருக்கு விட மனசு வருகிறது, எனக்கும்தான் வரவில்லை. தண்ணீர் எவ்வளவு என்றால், குடிப்பதை அளக்காமல் போவதை அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் போக வேண்டும். நிறம் வைக்கோல் மாதிரி வெளிறி இருந்தால் சரி.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முதுகுக் குழாயை எடுத்த பிறகு, அடைத்திருந்த துணுக்குகளைக் கீழ் வழியாகக் கருவி விட்டு எடுத்து, உள்ளே ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்பினார்கள். இரண்டு முனையும் சுருண்டிருக்கும் அது கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரை பாதையைத் திறந்து வைக்கும். அது இருக்கிற வரை அடிக்கடி போக வேண்டும் போல முட்டும், போகும்போது விலாவில் சுருக்கென்று குத்தும், நடந்தால் லேசாகச் சிவப்பும் வரும். பழகிவிடும். பழகிவிடுவதுதான் அதில் ஆபத்தே. வலி குறைந்ததும் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே மறந்துபோகும். மாதக்கணக்கில் விட்டால் அந்தக் குழாய் மேலேயே கல் படிந்து, எடுக்கப் பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். எடுக்க வேண்டிய தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இந்தத் தடவை நான் விடவில்லை. எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில், அவள் வீட்டுக் காலண்டரில், மாப்பிள்ளை சட்டைப் பையில் என்று மூன்று இடத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். ஆறாவது வாரம் புதன்கிழமை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ இன்ஸ்பெக்ஷன், "வெள்ளிக்கிழமை போய்க்கிடலாமே மதினி" என்றாள். மாமியார்தான் கதவை மறித்துக்கொண்டு நின்று, "இன்ஸ்பெக்டரை நான் பாத்துக்கறேன், நீ வண்டியில ஏறு" என்றார்கள்.

ஏறினாள். பத்து நிமிஷ வேலை, எடுத்துவிட்டார்கள்.